தக்கை இல்லாத தூண்டில்

முழங்கால் அளவு ஆற்றுநீரில் தையல்காரர் தூண்டில் கம்பை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறார். காலை வெயில் இன்னும் கரை மரங்களைத் தாண்டவில்லை. கற்றுத்தருபவள் அவர் மனைவியின் தங்கை, தபால்காரி. இந்தத் தூண்டிலில் மீன் கடித்ததைக் காட்டும் மிதக்கும் தக்கை கிடையாது. புழுப்போலக் கட்டிய சின்ன முள், தன் கனத்தில் அடிக்கற்களை உரசியபடி நகர்கிறது. நூல் விறைப்பாக இருந்தால்தான் மீன் தொடுவது விரலுக்குத் தெரியும்.

"மாமா, நூல் தொய்யுது."

"நூலைப் பத்தி எனக்கே பாடமா?" என்று சிரிக்கிறார். நூல் அவருடைய வலது ஆள்காட்டி விரலை உரசிக்கொண்டு போகிறது. பத்து மாதத்துக்கு முன் துணி வெட்டும் இயந்திரத்தில் சிக்கிய விரல். ஒட்டித் தைத்துவிட்டார்கள், உணர்ச்சிதான் திரும்பவில்லை. ஊசி ஏறினாலும் தெரியாது. அதனால் நூலைக் கண்ணாலேயே காவல் காக்கிறார். சட்டென்று மரங்களைத் தாண்டிய வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூச, நூல் மறைந்துபோகிறது. அந்த நொடியில் அவருக்குத் தூக்கிவாரிப்போடுகிறது.

"மீன், மாமா! இழுங்க!"

அவர் இழுக்கவில்லை. முகம் வெளுத்து, திறந்த வாய் மூடாமல் விரலையே பார்க்கிறார். நூல் துடித்துத் தளர்கிறது.

"போச்சு! கைக்கு வந்ததை விட்டுட்டீங்களே!"

"தட்டுச்சு," என்கிறார். "இந்த விரல்ல தட்டுச்சும்மா."

தபால்காரி அந்த விரலைப் பிடித்து, நகத்தால் நறுக்கென்று கிள்ளுகிறாள்.

"ஆ!" என்று அலறுகிறார். கம்பு கை நழுவி ஆற்றோடு போகிறது. இருவருமே அதைப் பிடிக்கப் போகவில்லை.