ஐப்பசி மழை

ஐப்பசி பிறந்தால் செலஸ்டினாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிடும். அந்தத் தீவில் பலருக்கும் அப்படித்தான். அவளுக்கு நிச்சயித்திருந்த, கப்பலில் வேலை பார்க்கும் ரெமிஜியுசுக்கோ ஐப்பசியில்தான் விடுப்பு. இரண்டு வருடமாகக் கல்யாணம் தள்ளிப்போனது.

இந்த வருடமும் நாள் குறித்தார்கள். அதற்கு ஆறு நாள் முன்பு, நர்ஸ் வீடுவீடாக எடுத்துப்போன ரத்தத்தில் அவளுக்கு மலேரியா என்று போனில் தகவல் வந்தது. அம்மா கம்பளியை எடுத்து வைத்தாள். செலஸ்டினா பாயில் படுத்துக் காத்திருந்தாள். இரண்டு நாளாகியும் உடம்பு நடுங்கவில்லை, நெற்றி சுடவில்லை. மூன்றாம் நாள் பசி தாங்காமல் எழுந்து ஒரு சட்டி மீன்குழம்பைக் காலி செய்தாள்.

மழையில் படகு ஓடாததால் அன்றுதான் நர்ஸ் மாத்திரையோடு வந்தாள்.

"காய்ச்சல் எங்கக்கா?" என்றாள் செலஸ்டினா.

"கிருமி உள்ளதான் இருக்கு. வருசா வருசம் வந்து வந்து ஒன் ரத்தம் அத அடையாளங் கண்டு அடக்கி வச்சிருக்கு. மாத்திரைய மட்டும் விட்டுறாத. ஒன்னக் கடிச்ச கொசு அடுத்தவுங்களையும் கடிக்கும்ல?"

குறித்த நாளிலேயே அக்கரையில் கல்யாணம் முடிந்து தீவுக்குத் திரும்பும்போது, நல்ல மழையில் படகு மணல்திட்டில் தட்டி நின்றது. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு செலஸ்டினா தண்ணீரில் குதித்தாள்.

"ஏய், நனையிற! ஏறு!" என்று கத்தினான் ரெமிஜியுஸ்.

"இருங்க," என்று அவள் முகத்தை வானத்துக்குக் காட்டினாள். "ஐப்பசி மழைய இப்பத்தான் வெளிய நின்னு பாக்குறேன்."

அவனும் குதித்தான். படகைத் தள்ள இருவருக்கும் நினைவே வரவில்லை.