மைக்கை நீட்டும் இடம்

அந்த வரி வரப்போகிறது.

டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு இப்போதே உதடு கோணியது. எதிரே மைக்கில் பாடிக்கொண்டிருந்த அவன் முதுகு. வியர்வையில் ஒட்டிய கறுப்புச் சட்டை. வீட்டில் வைத்த வரதராஜன் என்ற பெயரை மேடைக்காக ‘வாரா’ என்று நறுக்கிக்கொண்ட மகானுபாவன்.

வரி அவள் எழுதியது. பாட்டே அவள் எழுதியதுதான்.

முதல் கச்சேரியில் அவன் எல்லோரையும் அறிமுகப்படுத்தினான். கிட்டாரில் ஜெரோம். பேஸ் கிட்டாரில் பிரணவ். சவுண்டு பார்த்த முத்தையா அண்ணனுக்குக்கூடக் கைதட்டல் வாங்கிக்கொடுத்தான். டிரம்ஸ் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பி வரும்போது வேனில் உட்கார்ந்து எழுதினாள்.

*கண்ணாடி பாத்துக் கைதட்டிக்கிறவனே,*
*உன் பின்னாடி நிக்கிறது யாருடா?*

படித்துவிட்டுத் துள்ளினான். “செமயா இருக்கே! யாரப் பத்தி?”

“யாரோ,” என்றாள்.

நம்பிவிட்டான். தன்னைத் திட்டி எழுதியதையே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும் ஜென்மத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை.

ஸ்டூடியோவில் அந்த வரியை மட்டும் எல்லோரும் சேர்ந்து பாடலாம் என்றான். கும்பலாகப் பாடினால் கெத்தாக இருக்குமாம். பாட்டு வெளியானது. காலேஜ் பையன்கள் பைத்தியமானார்கள். அடுத்த மேடையில் அந்த இடம் வந்ததும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். கூட்டம் கத்தியது. அன்றிலிருந்து அதுவே சடங்கு. எந்த ஊர், எந்த மேடை என்றாலும் அந்த வரிக்கு மைக் வெளியே போய்விடும்.

அதற்குப் பெயர் தன்னடக்கமாம். ரசிகர்கள் எழுதியிருந்தார்கள். தூ!

ஒரே ஒரு முறை அவன் வாயால் மட்டும் தனியாக அதைக் கேட்டுவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை. தன்னைத்தானே திட்டிக்கொள்வது தெரியாமல், கண்ணை மூடி உருகி அவன் அதைப் பாட வேண்டும். அப்புறம் இந்தக் குச்சிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடலாம்.

இன்றைக்கு நேரம் கூடி வந்திருந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியின் ஆண்டுவிழா. புல்தரை முழுக்கக் குடும்பங்கள். பாதிப் பேர் பிரியாணி வரிசையில். இந்தப் பாட்டு அங்கே ஒருவருக்கும் தெரியாது.

இடம் வந்தது.

மைக்கை நீட்டினான்.

ஒரு சத்தமும் இல்லை. எங்கோ ஒரு குழந்தை அழுதது.

இந்த மாதிரி நேரத்தில் டிரம்ஸை உருட்டி அடித்து மானத்தைக் காப்பாற்றுவது அவள் வேலை. அவள் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜெரோம் திரும்பிப் பார்த்தான். கிட்டாரில் அவன் கையும் நின்றது. நீட்டிய மைக் அப்படியே நின்றது.

பாடுடா, என்று மனத்துக்குள் பல்லைக் கடித்தாள்.

வாரா மைக்கை மெல்லத் தன் வாயருகே கொண்டுவந்தான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். இத்தனை காலத்தில் முதல்முறை.

கண்ணை மூடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு பாடினான். முழுசாக. ஒரு எழுத்து விடாமல்.

பிறகு டிரம்ஸ் வரை நடந்துவந்தான். மைக்கைக் கீழே தாழ்த்தி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்.

“எனக்கு அன்னைக்கே தெரியும். நீ சொல்லுவேன்னுதான் காத்திருந்தேன். இப்பயாவது சொல்லு. யாரப் பத்தி?”

மைக்கை அவள் வாயருகே நீட்டினான்.

எத்தனை பதில் சேர்த்து வைத்திருந்தாள்! ஒவ்வொன்றையும் தீட்டித் தீட்டி வைத்திருந்தாள். பழக்கதோஷம்தான் வாயைத் திறந்தது.

“யாரோ.”

புல்தரை முழுவதும் அவள் குரல் கேட்டது.

அவன் மைக்கைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டான். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினான். கையை விரித்து அவளைக் காட்டினான்.

“டிரம்ஸ்ல... யாரோ!”

பிரியாணி வரிசை முதல்முறையாகக் கைதட்டியது.