எந்தப் பைனாகுலர் உசத்தி?

"பேரைப் பார்த்தா கண்ணு ஏமாந்துடும்" என்று சொல்லி, இரண்டு பைனாகுலர்களின் மேலும் இருந்த கம்பெனிப் பெயரை டேப் ஒட்டி மறைக்கச் சொன்னார், படகு டூர் நடத்தும் நபுகென்யா மேடம். படகுக்காரன் டியோதான் ஒட்டினான். ஒன்றுக்கு மஞ்சள், ஒன்றுக்கு நீலம்.

இரண்டும் கம்பாலா வியாபாரி அனுப்பியவை. கைமாறினவைதான், ஆனாலும் ஒவ்வொன்றின் விலைக்கும் இரண்டு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். மேடம் ஒன்றைத்தான் வாங்கப் போகிறார். எது என்று சொல்ல வேண்டியவர் செக்கிட்டோ.

ஏரிக்கரைச் சதுப்பில் டூரிஸ்டுகளுக்குப் பறவை காட்டுகிறவர்களில் அவர்தான் மூத்தவர். அவர் கண்ணில் படாமல் ஒரு கொக்கு இறகு கோத முடியாது என்று பேர்.

பேர் இருந்து என்ன பிரயோஜனம்? கண் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது! வலது சுத்தமாக இல்லை. இடதில் எந்நேரமும் மூடுபனி.

அது தெரிந்த ஒரே ஆள் டியோ, அவருடைய மனைவி ஸ்பெசியோசாவின் தம்பி. அவன் பின்னால் நின்று கழி ஊன்றிப் படகு தள்ளுவான். பறவை இடப்பக்கம் இருந்தால் படகின் ஓரத்தில் கழியால் ஒரு தட்டு, வலப்பக்கம் என்றால் இரண்டு. முன் சீட்டிலிருந்து இவர் உடனே கையை நீட்டி "அதோ பாருங்க" என்பார். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் மச்சான்" என்று டியோவும் கெஞ்சிப் பார்த்துவிட்டான்.

"கண்ணுல கட்டுப் போட்டுக்கிட்டு வந்தா, மறுநாளே என் சீட்டுல வேற எவனாவது உக்காந்திருப்பான். உங்க அக்காகிட்டகூட மூச்சு விடக்கூடாது, ஆமா!"

ஸ்பெசியோசா பாவம். இன்று காலையில்கூட டீ மக்கை மேஜையில் வைக்காமல், அவர் கையைப் பிடித்து அதில் கொடுத்தாள். இருபது வருஷம் கழித்தும் என்ன பிரியம் என்று பூரித்துப் போய்த்தான் கிளம்பினார் மனுஷன்.

இன்றைக்கும் பயமில்லை. நேற்றே டியோவிடம் பேசி வைத்தாகிவிட்டது. நல்ல பைனாகுலர் முதலில் வந்தால் ஒரு தட்டு, இரண்டாவதாக வந்தால் இரண்டு.

கோரைகளுக்கு நடுவே படகு நின்றது. மேடம் முதலில் மஞ்சளைக் கொடுத்தார்.

"அந்தப் பட்டமரத்தைப் பாருங்க. கிளை ஓரத்துல ஊதாக் கோடு தெரியுதா?"

வெளிச்சமான வானத்துக்கு எதிரே பார்த்தால் மட்டமான கண்ணாடியை அந்தக் கோடே காட்டிக்கொடுத்துவிடும். இவருக்கோ மரமே சாம்பல் புகைதான். "லேசா இருக்கிற மாதிரிதான் இருக்கு" என்று பட்டும் படாமலும் சொல்லி வைத்தார்.

அடுத்து நீலம். "கோரை நிழலுக்குள்ள எப்படி இருக்கு?"

அதே புகைதான், கொஞ்சம் கூடுதலாக. செக்கிட்டோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்.

டக். டக்.

அப்பாடா!

"அடேயப்பா, என்ன கண்ணாடி மேடம் இது! நடுவுல இருக்கிற தெளிவு ஓரம் வரைக்கும் அப்படியே இருக்கு. நிழல்ல உக்காந்திருக்கிற தும்பியோட காலைக்கூட எண்ணிடலாம். அந்த மஞ்சளைத் திருப்பி அனுப்பிடுங்க."

மேடம் நீலத்தை வாங்கிப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"செக்கிட்டோ, இதுக்குள்ள பூஞ்சை வலை வலையாப் படர்ந்திருக்கு. எனக்கு எதிர்க்கரையே தெரியல."

மேடம் மஞ்சளை எடுத்துக் கண்ணில் வைத்தார்.

"இதுல ஒரு ஊதாக் கோடும் இல்ல. பட்டமரத்துல மீன்கொத்தி ஒண்ணு உக்காந்திருக்கு, அதோட அலகு நுனி வரைக்கும் தெரியுது. நீங்க மீன்கொத்தி இருக்குன்னே சொல்லலியே?"

மேடம் அவர் முகத்துக்கு எதிரே கையை நீட்டினார். "இது எத்தனை விரல்?"

"மூணு..." என்றார் குத்துமதிப்பாக.

மேடம் விரித்திருந்த ஐந்து விரலையும் மடக்கிக்கொண்டார். "முதல்ல போய்க் கண்ணைக் காட்டுங்க. சரியாகி வர்ற வரைக்கும் முன் சீட்டுல டியோ உக்காரட்டும்."

செக்கிட்டோவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் யாரிடம் போய் முறையிடுவது? 'இவன்தான் தப்பாத் தட்டினான்' என்று வாயைத் திறந்தால் ஒன்றரை வருஷத் தில்லுமுல்லும் வெளியே வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கரையில் மேடம் இறங்கிப் போனதுதான் தாமதம், தடவித் தடவி டியோவின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேடா, பாவி! டேப் ஒட்டும்போதே எது நல்லதுன்னு பார்த்துட்டுத்தானே தட்டினே? என் சீட்டு வேணும்னா கேட்டிருக்கலாமே, கொடுத்துத் தொலைச்சிருப்பேனே! கண்ணே நீதான்னு நம்பினேனேடா உன்னை!"

டியோ தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை.

"வீட்டுக்கு வா நீ. நீ பண்ணின துரோகத்தை உங்க அக்காகிட்டச் சொல்றேன். அவ உன்னை வாசப்படி ஏற விடறாளான்னு பாக்கலாம்!"

"தப்பாத் தட்டச் சொன்னதே அக்காதான் மச்சான்."