சறுக்குமரத்தில் முதலாளி

பனகல் பூங்காவின் வேலியில் கயிறு கட்டி, மரக்கட்டையில் செதுக்கித் தானே அச்செடுத்த படங்களைத் துணி கிளிப்பில் மாட்டியிருக்கிறாள் நீரஜா. மாலை வெயிலில் கறுப்பு மை மினுங்குகிறது. படங்களில் எல்லாம் பூங்காவுக்குக் காற்று வாங்க வருகிறவர்கள்தான். பெஞ்சில் வாய் பிளந்து தூங்குகிறவர், ஒரே சுண்டல் பொட்டலத்துக்குச் சண்டை போடும் தம்பதி. ஆனால் கூட்டம் மொய்ப்பது, குழந்தைகளின் சறுக்குமரத்தில் பாதி வழியில் சிக்கிக்கொண்ட தொந்திக்காரரின் படத்துக்கு முன்னால். "போன ஞாயித்துக்கெழம மாட்டிக்கினாரே, ஜவுளிக்கட மொதலாளி, அவரேதான்!" என்று பூக்காரி புஷ்பம் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அந்த நேரம் பார்த்து ஜவுளிக்கடைச் சண்முகசுந்தரமே வந்து நிற்கிறார். சிரிப்பு சட்டென்று அடங்குகிறது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்க்கிறார். "யாரும்மா இத வரைஞ்சது?" "நான்தான் மாமா." நீரஜா ஓரடி முன்னால் வருகிறாள். "தொந்தி கெடக்கட்டும். வேட்டிக்குக் கரைய எங்க? நம்ம கடை வேட்டி ரெட்டைக் கரைல்லா!" நீரஜா தூரிகையை மையில் தோய்த்து, படத்தில் வேட்டியின் மேலேயே இரண்டு கோடு இழுக்கிறாள். அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கிறார். "இப்பம் சிரிங்க" என்கிறார், தொந்தி குலுங்க.