ஜாக்கி மேல் ஏறும் வீடு

நம்பினால் நம்புங்கள், செம்பாக்கம் ஏரிப் பக்கத்துத் தெருவில் அபிதகுஜாம்பாள் டீச்சரின் மாடி வீடு மேலே போய்க்கொண்டிருக்கிறது. புதுச் சாலையும் மழைநீர்க் கால்வாயும் வாசற்படியைவிட உயர்ந்துவிட்டன; அதனால் வீட்டையும் உயர்த்துகிறார்கள். சுவர்களுக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகள். மேஸ்திரி விசில் ஊத, ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திருகுகிறார்கள். வெயிலில் செங்கல் தூசி மினுங்குகிறது. உள்ளே டீச்சரின் குக்கரும் விசிலடிக்கிறது. அதற்கு யாரும் திருகுவதில்லை, பழகிவிட்டது. பக்கத்து ஓட்டு வீட்டின் பின்கதவில் நின்று தாயாரம்மாள் அண்ணாந்து பார்க்கிறாள். டீச்சர் வீடு நிற்கும் மனை அவள் மாமனார் நெல் விளைத்து, பிறகு விற்ற நிலம். போன மாதம்வரை பக்கவாசலில் டீச்சரின் முகம் தெரிந்த உயரத்தில் இன்று அவருடைய மெட்டி போட்ட பாதங்கள் தெரிகின்றன.

"தாயாரம்மா, மழை வந்தா யோசிக்காம எங்காத்துக்கு வந்துடுங்கோ."

"நான் ஏறி வந்துருவேன் டீச்சரம்மா. என் வூடு எங்க ஏறும்? ரோட்டுத் தண்ணி, உங்க வூட்டுத் தண்ணி, அல்லாம் இங்கதான எறங்கும்?"

மேலே கால்விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. மேஸ்திரி மறுபடி ஊதுகிறார். வீடு இன்னும் கொஞ்சம் எழுகிறது. வானத்தில் பொட்டு மேகமில்லை. தாயாரம்மாள் உள்ளே போய், அரிசி டிரம்மை மார்போடு அணைத்துத் தூக்கிக் கட்டில்மேல் வைக்கிறாள்.