வாலைக் கடித்த மீன்கள்

ஏஞ்சல் மீனின் வால் இன்று இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது.

மருதாசலம் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றார். மீன் ஹீட்டருக்குப் பின்னால் ஒதுங்கி, மேல்துடுப்பை மடக்கிக்கொண்டு சாய்ந்தாற்போல் கிடந்தது. தீனி போட்டும் வெளியே வரவில்லை.

குளிர்தான் காரணம் என்று முதலில் நினைத்தார். குன்னூரில் தை மாதம் தண்ணீர் விறைத்துப்போகும். ஹீட்டரைக் கூட்டி வைத்தார்.

பிறகு துடுப்பு அழுகல் நோய் என்று முடிவு செய்தார். கோயமுத்தூர் மீன்கடைக்காரர் சொன்னபடி கல்லுப்பு போட்டார், பாதித் தண்ணீரை மாற்றினார், நீல மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தொட்டியில் நீலம் பாய்ந்ததே தவிர வால் வளரவில்லை.

தேயிலை ஏல அலுவலகத்தில் தலைமை குமாஸ்தாவாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஆசைப்பட்டு வாங்கியது இந்தத் தொட்டி ஒன்றுதான். ஒன்றோடொன்று ஒத்துப்போகும் மீன்களாக நாலு இடத்தில் விசாரித்து, அவரே பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை.

எதிரே சோபாவில் அவர் மகள் கனகமணி உட்கார்ந்திருந்தாள். கூடலூரில் கட்டிக்கொடுத்த பெண். ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பஸ் ஏறி வந்தவள். வந்ததிலிருந்து பகலெல்லாம் அந்த சோபாதான்.

"அது சீக்கு இல்லீங்கப்பா. அந்த வரிமீனுங்க கடிக்குதுங்க."

மருதாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடம்பில் கறுப்பு வரி போட்ட அந்த மீன்கள் எவ்வளவு சாது என்று அவருக்குத் தெரியாதா? பக்கத்தில் போனாலே எல்லாம் கண்ணாடியோரம் ஓடிவந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

அவர் நிற்கும்போது அப்படித்தான் இருக்கும் என்றாள் கனகமணி. அவர் நகர்ந்த பிறகு நடப்பதை இங்கே உட்கார்ந்து பார்க்கச் சொன்னாள்.

நம்பிக்கையில்லாமல்தான் போய் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. எழப்போனவரின் கையை அவள் பிடித்து நிறுத்தினாள்.

ஒரு வரிமீன் திரும்பியது. அவசரமே இல்லாமல் ஹீட்டர் பக்கம் போய், ஏஞ்சலின் வாலில் ஒரு கடி கடித்துவிட்டு வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

ஏஞ்சல் எதிர்க்கவில்லை. இன்னும் ஒடுங்கி மூலையில் ஒட்டிக்கொண்டது.

மருதாசலம் டார்ச் அடித்துத் துடுப்பை உற்றுப் பார்த்தார். அழுகலாக இருந்தால் ஓரம் வெளுத்து, நைந்துபோயிருக்க வேண்டும். இது பிறை பிறையாகக் கத்தரித்ததுபோல் இருந்தது. தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணில் படவில்லை.

பரணில் கிடந்த சின்னத் தொட்டியை இறக்கிக் கழுவினார். பழைய ஹீட்டரை மாட்டி, கையை விட்டுச் சூடு பார்த்து, ஏஞ்சலை வலையில் அலுங்காமல் எடுத்து அதில் விட்டார்.

"இனி எந்தக் காலத்துலயும் இதை அதுங்ககூட உடக்கூடாது அம்மிணி."

குரல் நடுங்கியது. கனகமணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து இப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் இளகியது.

போன் அடித்தது. மருதாசலம் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தார். மாப்பிள்ளை வேலுசாமி.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சொல்வதையே கேட்டுக்கொண்டு நின்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை. நாளைக்கு நானே கூட்டிட்டு வந்து உட்டுர்றனுங்க."

கனகமணியின் விரல்கள் தானாகப் போய்ப் புருவத்துக்கு மேலிருந்த தையலைத் தொட்டன. அதைப் பிரிக்க வெள்ளிக்கிழமைதான் வரச் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிறன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே, அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். யார் அடித்தது, எதனால், எத்தனை வருஷமாக என்று.

காயம் எப்படிப் பட்டது என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார்.

படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று முந்திக்கொண்டு சொன்னவர் மருதாசலம்.