மடுத் தீர்த்தம்

ஓர்ஸ் ஹில் வீட்டில் நானும் மனைவி நிலுஷாவும் தினமும் ஒரு பேய் நாடகம் பார்ப்போம். அதில் ஒரு பாதிரியார் பேயோட்டுவார். பேயே இல்லை என்று ஒரு டாக்டர் சிரிப்பார். அவள் பாதிரியார் பக்கம், நான் டாக்டர் பக்கம். பேய் வரும்போதெல்லாம் மடு மாதா கோயில் தீர்த்தத்தைத் தொட்டு என் நெற்றியில் சிலுவை போடுவாள்.

"நம்பாத ஆக்களைத்தான் அது முதல்ல பிடிக்கும்."

நான் உடனே துடைத்துவிடுவேன்.

அந்தத் தீர்த்தப் போத்தலை அவளின் சவப்பெட்டிக்குள் வைத்தே அடக்கம் செய்தோம்.

நேற்று முப்பத்தோராம் நாள் பூசை. அவளின் அம்மா என்னோடு தங்கினார். மாலையில் இருவரும் நாடகம் பார்த்தோம். பேய் வந்தது. டாக்டர் சிரித்தார்.

"இவருக்கு ஒரு நாளைக்கு இருக்கு," என்ற மாமி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நெத்தியில என்ன தண்ணி?"

"வேர்வை, மாமி."

"சிலுவை மாதிரியோ வேர்க்கும்?"

தலைக்கு மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் கை நெற்றிக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். பிறகு எழுந்து போய், அது காயாமல் இருக்க, விசிறியை நிறுத்தினேன்.